பத்துக்குப் பத்தில் ஒரு தம்புரா

கடைக்காரர் ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டவே இல்லை. கவிழ்த்தார், காந்தத்தின் முதுகை நகத்தால் தட்டினார், நிமிர்த்தி இரண்டு கட்டைவிரலையும் கோனின் மேல் எதிரெதிராக வைத்து மெல்ல அழுத்தினார். கோன் உள்ளே போய் வெளியே வந்தது. காதை அதன்மேல் சாய்த்தார். நானும் சாய்த்தேன். எனக்குத் தெருவில் போன ட்ரெய்லரின் சத்தம்தான் கேட்டது.

"காயில் உரசுது சார். இந்தப் பக்கம். நூல் அளவு."

தண்டையார்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் வரும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கவேண்டும். சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கோன்கள். மைக் செட்காரர்கள் கொண்டுவந்து போட்ட குழாய்கள், ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து கழற்றிய ஆறங்குல ஸ்பீக்கர்கள், கொடுத்தவரே மறந்துபோன ஒரு டூ இன் ஒன். நான் கொண்டுபோயிருந்தது ஒரு பழைய வார்ஃப்டேல் ஜோடியில் வலதுபக்கத்து ஸ்பீக்கர். எழுபதுகளில் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்த பெரியப்பா, லுங்கிகளில் சுற்றி மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த ஜோடி. லுங்கிகள் எப்போதோ கிழிந்துவிட்டன.

மறுநாள் வரச்சொன்னார். நான் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இந்த வேலையைப் பார்ப்பது எனக்குக் கச்சேரி கேட்பது மாதிரி.

காந்தத்தின் நடுவில் ஒரு இரும்புத் தூண். அதைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம், அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். செம்புக் கம்பி சுற்றிய சின்னக் குழல் ஒன்று அந்தப் பள்ளத்துக்குள் எந்தப் பக்கமும் தொடாமல் மிதக்கவேண்டும். தொட்டால் பாடகருக்குத் தொண்டை கட்டும். அவர் பிளேடால் பழைய கோனை அறுத்து எடுத்தார். செல்லோ டேப்பை மடித்துப் பள்ளத்துக்குள் விட்டு, காந்தம் இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்த இரும்புத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தார். அதற்கே அரைமணி நேரம். பிறகு கம்பியை இரண்டு அடுக்காகச் சுற்றினார். அடுக்கு இரட்டைப்படையாக இருந்தால்தான் கம்பியின் இரண்டு நுனியும் ஒரே பக்கம் வந்து நிற்கும். மீட்டரில் ஆறரை ஓம் காட்டியதும் கை நின்றது. அடுத்து ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து மெல்லிய பட்டைகளாக நறுக்கி, தூணுக்கும் காயிலுக்கும் நடுவே சுற்றிலும் செருகினார். ஸ்பைடர், கோன், துணி ஓரம் எல்லாவற்றையும் பசை வைத்து ஒட்டி ராத்திரி முழுக்கக் காயவிட்டார். மறுநாள் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவியபோது காயில் தானாக நடுவில் நின்றது. மேலே டோமை ஒட்டி மூடினார். உருவிப் போட்ட பட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாருடைய விலா எலும்போ.

தம்புராவுக்குச் சுருதி கூட்டும்போது, தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூலை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஜீவாளி என்று பெயர். குறிப்பிட்ட ஓர் இடத்தில் நூல் போய் நின்றதும், வெறுமனே ணங்கென்று இருந்த தந்தி சட்டென்று தேன்கூடு மாதிரி ரீங்கரிக்கத் தொடங்கும். அந்த இடத்தை அளவுகோலால் காட்ட முடியாது, காதுதான் காட்டும். எக்ஸ்ரே பட்டையைச் செருகும் இந்த விரல்களையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் அந்த வாரம் நான் கொஞ்சம் கசப்பில் இருந்தேன். வலதுபக்கம் உரசத் தொடங்கியதும், பழசைக் கட்டிக்கொண்டு அழுவானேன், புதிதாக ஒரு ஜோடி வாங்கிவிடலாம் என்று நகரத்தின் தென்பாதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். விற்பவர் மரியாதையானவர். என் செருப்பைப் பார்த்து எடைபோடாமல், அங்கிருந்ததிலேயே விலை உயர்ந்த ஜோடியைப் போட்டுக் காட்டினார். நெஞ்சுயரம், இரண்டு பக்கமும் பளபளக்கும் மரத்தோல். நான் கையோடு கொண்டுபோயிருந்த கச்சேரிப் பதிவைப் போட்டார். பொய் சொல்லக்கூடாது, உடம்பு சிலிர்த்துவிட்டது. பாடகருக்குப் பின்னால் தம்புரா எங்கே இருக்கிறது என்று கைநீட்டிக் காட்டலாம் போலிருந்தது. சாரணியும் அனுசாரணியும் ஒரே சுருதியில் நிற்கும் இரண்டு தனித்தனித் தந்திகள் என்பது முப்பது வருஷமாகக் கேட்ட பதிவில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விலையைக் கேட்டேன். திருவொற்றியூரில் அந்தப் பணத்துக்கு ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

இந்தத் துறையில் விலைக்குக் கூரை கிடையாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற ரெக்கார்டு பிளேயர் 1972-இல் வந்தது. பிற்பாடு உலகம் முழுக்க டிஜேக்கள் போட்டு உழக்கிய உழைப்பாளி மாடு அது. 2010-இல் உற்பத்தியை நிறுத்தியபோது சில நூறு டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2016-இல் அதே உருவத்தில், உள்ளே புது மோட்டாரோடு திரும்பி வந்தபோது 4,000 டாலர். மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்து வரவேற்பறையில் கட்டிவிட்டார்கள்.

என்னுடைய வார்ஃப்டேலின் கதையும் வேடிக்கையானதுதான். 1932-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய தொழில். பிரிக்ஸ் துணி வியாபாரத்திலிருந்து வந்தவர். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் ராத்திரியில் வீட்டில் ஸ்பீக்கர் செய்துபார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தக் கம்பெனி ஒரு சீனக் குழுமத்தின் கையில் இருக்கிறது. பழைய முகத்தோடு புதுப் பெட்டிகள் செய்து, பழைய ஞாபகத்துக்கும் சேர்த்து விலை போடுகிறார்கள்.

எல்லா விலையேற்றமும் மோசடி இல்லை. எழுபதுகளின் கடைசிவரை நல்ல ஸ்பீக்கர்கள் பலவற்றில் அல்நிகோ காந்தம் இருந்தது, அதாவது அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த உலோகம். 1978-இல் ஜயர் நாட்டின் ஷாபா பகுதியில் சண்டை மூண்டு கோபால்ட் விலை பல மடங்கு எகிறியது. கம்பெனிகள் அவசர அவசரமாக ஃபெர்ரைட் காந்தத்துக்கு மாறின. ஆப்பிரிக்கச் சுரங்கத்தில் நடந்த சண்டை ராயபுரத்து மைக் செட்காரரின் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். இன்றைக்கும் பழைய இரும்புக்கடையில் அல்நிகோ ஸ்பீக்கர் வந்தால், விவரம் தெரிந்தவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எடைக்கு வாங்கப் பார்ப்பார். ஆனால் இரும்புக்கடைக்காரரிடமும் இப்போது செல்போன் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்.

கேபிள் வேறு கதை. ஒரு மீட்டர் ஸ்பீக்கர் ஒயருக்கு லட்ச ரூபாய் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

வடசென்னைக்காரனுக்கு இதில் தனியாக ஒரு எரிச்சல் உண்டு. கப்பலில் வரும் பெட்டிகள் எங்கள் வாசலில்தான் இறங்குகின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க என் ஜன்னலை அதிரவைத்துப் போகும் கன்டெய்னர்களில் ஏதோ ஒன்றில் அந்த நெஞ்சுயர ஜோடியும் போயிருக்கும். வாசலில் இறங்குவதால் விலை ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஒரு ஜோடி 2,000 டாலர் மதிப்பில் துறைமுகத்தில் இறங்குகிறது, டாலர் 85 ரூபாய், அடிப்படைச் சுங்கம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,70,000 ரூபாய். அதன்மேல் 15 சதவீதம். அந்தச் சுங்கத்தின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. இவை எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகைமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரிக்கும் வரி. கணக்கை முடித்தால் 2,33,000 ரூபாயைத் தாண்டுகிறது, இன்னும் இறக்குமதி செய்பவரும் கடைக்காரரும் தங்கள் பங்கை வைக்கவில்லை. 1980-இல் டாலர் எட்டு ரூபாய்ப் பக்கம் இருந்தது. அன்றைய கணக்கில் அதே 2,000 டாலர் வெறும் 16,000 ரூபாய். அதிலும் ஏமாந்துவிடக்கூடாது. 1991-க்கு முன்பு சுங்கத்தின் உச்ச வீதம் 355 சதவீதம் வரை போயிருந்தது. 1991 பட்ஜெட்டில்தான் அதை 150-க்கு இறக்கினார்கள். நேர்வழியில் ஸ்டீரியோ வாங்கியவரை நான் என் சின்ன வயதில் பார்த்ததே இல்லை.

குறுக்குவழி இருந்தது. அதற்கு பர்மா பஜார் என்று பெயர். பர்மாவில் நெ வின் ஆட்சியில் கடைகளையும் தொழில்களையும் பறிகொடுத்துவிட்டு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்கு, பீச் ஸ்டேஷன் எதிரே ராஜாஜி சாலை ஓரத்தில் 1969-இல் அமைந்த கடைவரிசை. சாலையின் அந்தப் பக்கம் துறைமுகம், கொஞ்சதூரத்தில் சுங்க மாளிகை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கவேண்டும். மாலுமிகள் கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக், அகாய், சான்சுய், ஐவா எல்லாம் அங்கே வந்து சேரும். கண்ணாடிக்குள் பச்சை முள் துடிக்கும் அகாய் டெக்கைப் பார்ப்பதற்காகவே நாங்கள் ராயபுரத்திலிருந்து நடந்து போவோம். தொட்டுப் பார்க்கலாம். விலை கேட்டால் "இன்னா, வாங்கற ஆளா?" என்று எதிர்க்கேள்வி வரும். அங்கே டெக் வாங்கியவர்களில் பலர் ரெக்கார்டிங் சென்டர் வைத்தார்கள். பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால் நாலு நாளில் டிடிகே அறுபதில் பதிந்து, அட்டையில் முத்துமுத்தாகப் பாட்டுப் பேரெழுதிக் கொடுப்பார்கள். உயர்தரக் கருவியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள், அதன் உழைப்பை ஒரு கேசட் அளவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

வாங்க முடியாதவர்கள் செய்துகொண்டார்கள். அசெம்பிள் செட்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியிருக்கிறது, தமிழ்நாட்டில் யாருக்கும் வேண்டாம். கல்லூரிக்குப் போகாத எலெக்ட்ரானிக்ஸ் நிபுணர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். தொடக்கத்தில் 2என்3055 டிரான்சிஸ்டர், தடித்த இரும்புத் தொப்பி மாதிரி இருக்கும், எதையும் தாங்கும். பிறகு எஸ்டிகே 4141. பிறகு டிடிஏ வரிசை ஐசிகள். இப்போது கடையில் போய் "5200 1943 போர்டு" என்று நம்பரை மட்டும் சொன்னால் போதும், எத்தனை ஜோடி என்று கேட்பார்கள். ரிச்சி தெருவில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஆளை வைத்துச் சுற்றியது, ஹீட் சிங்க் பழைய மெஷினிலிருந்து கழற்றியது. 1996-இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியோடு வந்து, தியேட்டரில் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரத் தொடங்கியபிறகு, வீட்டிலும் ஐந்து பெட்டி வேண்டும் என்ற பைத்தியம் பரவியது. ஐந்து ஸ்பீக்கரும் ஐந்து சாதி. நடுவில் ஒரு காரின் சப்வூஃபர்.

பெரும்பாலான அசெம்பிள் செட்டுகள் மோசமாகத்தான் இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் ரசிகன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. பேஸ் மட்டும் தம்தம்மென்று அடிக்கும், ட்ரெபிள் சலங்கை மாதிரி ஜல்ஜல்லென்று கொட்டும், நடுவில் மனிதக்குரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொந்து. காரணம் செய்பவரின் அறியாமை இல்லை. வாங்குபவர் கடையில் நின்று இரண்டு நிமிஷம் கேட்டு முடிவுசெய்கிறார், இரண்டு நிமிஷத்தில் அசத்துவது பேஸ்தான். என் கடைக்காரரிடம் ஒரு பையன் வந்து பெட்டி கேட்டபோது நானும் இருந்தேன். "பேஸ் எவ்ளோ வேணும்?" என்றார் இவர். "பக்கத்து ஊட்ல பாத்திரம் உருளணும்ணா." இவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே செய்துகொடுத்தார். தொழில்.

அந்தப் பையனை நான் குறைசொல்ல மாட்டேன். அவன் கேட்பது கானா. பானையும் டோலக்கும் டேப்பும்தான் அதற்கு உடம்பு. தெருவில் சாவு வீட்டு வாசலில் விடியவிடிய உட்கார்ந்து பாடிய பாட்டு அது, திறந்தவெளியின் பாட்டு. அறைக்குள் கொண்டுவந்தால் அதன் உடம்பு சுருங்கிவிடுகிறது. அந்தக் குறையை அவன் பேஸைத் திருகி நிரப்பப் பார்க்கிறான். இளையராஜாவின் பேஸ் கிடார் கேட்டு வளர்ந்த என் தலைமுறையும் இதே திருகைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை வைத்துத்தான் எங்கள் வட்டாரத்தில் செட் சோதிப்போம். வயலின்கள் ஒன்றையொன்று துரத்தும்போது எது எங்கே போகிறது என்று தனித்தனியாகத் தெரிந்தால் செட் பாஸ். கூழாகிவிட்டால் ஃபெயில். 'ரோஜா' வந்த 1992-க்குப் பிறகு சோதனைப் பாட்டுகள் மாறின. ரஹ்மானின் பதிவுகளில் ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் அடியில் வைத்த ஆழத்தை எங்கள் எட்டங்குலங்களால் பிடிக்கவே முடியவில்லை. பத்தங்குலத்துக்குப் போனோம், பன்னிரண்டுக்குப் போனோம்.

அங்கேதான் அறை குறுக்கே வந்தது.

ஹவுசிங் போர்டு வீட்டில் கூடம் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடியை ஒட்டித்தான். ஒலி அறிந்தவர்களைக் கேட்டால் இதைவிடப் பொல்லாத அறை கிடையாது என்பார்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை முட்டிமோதி, சுவரிடைத் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு நீளமுள்ள அலையை ஊதிப் பெரிதாக்கும். பத்தடி அறையில் அது 56 ஹெர்ட்ஸ் பக்கம். நீளமும் அகலமும் உயரமும் வேறுவேறாக இருந்தால் வீக்கம் மூன்று இடத்தில் பரவிப்போகும். மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று வீக்கமும் ஒரே இடத்தில் ஏறி உட்காரும். பேஸ் கிடார் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு வரும்போது மட்டும் யானை நுழைந்த மாதிரி அறை முழங்கும், அடுத்த சுரத்தில் யானை காணாமல் போகும். இந்த அறையில் அந்த ஃப்ளாட் விலை ஜோடியை வைத்தால், அதுவும் யானையைத்தான் கூப்பிடும்.

தென்பாதிக் கடையில் தடித்த கம்பளம் இருந்தது. சுவரில் பஞ்சு பொதிந்த பலகைகள். ஏசி ஓடுவதே தெரியவில்லை. கரன்டுக்குத் தனியாக ஒரு பெட்டி. விலைச்சீட்டில் இவற்றில் எதுவும் இல்லை. நான் அங்கே கேட்டு அசந்த தம்புரா ஸ்பீக்கருடையதா, அந்த அமைதியுடையதா என்று வீட்டுக்கு வரும் வழியில், விம்கோ நகர் மெட்ரோவில் உட்கார்ந்து யோசித்தேன். தேரடியில் இறங்கும்வரை யோசித்தேன். பாதிக்குப் பாதி என்று தோன்றியது.

அமைதிதான் எங்கள் பக்கத்தில் கிடைக்காத சரக்கு. ட்ரெய்லர் போனால் மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் ரெக்கார்டில் ஊசி தாவும். சைக்கிள் டியூபை லேசாகக் காற்றடித்து பிளேயருக்கு அடியில் வைத்தபிறகுதான் எனக்குத் தாவல் நின்றது. உப்புக்காற்றில் ஸ்பீக்கர் முனைகள் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை தேய்க்கவேண்டும். கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் ஓரம், ஜப்பானில் பதினைந்து வருஷம் தாங்குவது, இங்கே புழுக்கத்தில் பிட்டுப்பிட்டாக உதிரும். அதனால்தான் என் கடைக்காரர் ஃபோமே போடமாட்டார், துணிதான். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்படும்வரை ரெக்கார்டுகளின் மேல் தினமும் ஒரு படலம் இருக்கும். மூடியபிறகும் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு நிலையம் ஓடுகிறதே. இதையெல்லாம் கணக்கில் கொண்டு செய்த கருவி எந்த நாட்டு விலைப்பட்டியலிலும் கிடையாது.

ஒன்றே ஒன்றைத் தவிர. எல்எஸ்3/5ஏ.

எழுபதுகளில் பிபிசி பொறியாளர்கள், வெளிப்புற ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காகச் செய்த குட்டி ஸ்பீக்கர் அது. உயரம் ஒரு அடி, அகலம் ஏழரை அங்குலம். உள்ளே கெஃப் கம்பெனியின் ஐந்தங்குல வூஃபர் ஒன்று, விரல்நுனி அளவுக்கு ட்வீட்டர் ஒன்று. வேன் என்பது என் கூடத்தைவிடச் சின்ன இடம். ஆழமான பேஸை அது கொடுக்கவே பார்க்காது, ஆகவே யானையும் வராது. ஆனால் மனிதக்குரலை அது சொல்கிற மாதிரி நான் வேறு எதிலும் கேட்டதில்லை. செய்தி வாசிப்பவர் எச்சில் விழுங்கினால் தெரியவேண்டும் என்பதுதான் அவர்களுடைய தேவை. ரோஜர்ஸ், ஸ்பெண்டார் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செய்தன. தொண்ணூறுகளின் இறுதியில் கெஃப் அந்த வூஃபரையும் ட்வீட்டரையும் செய்வதை நிறுத்தியது, பழைய ஜோடிகளின் விலை மேலே கிளம்பியது. வேனுக்குள் அடிபடவேண்டிய பெட்டியை இப்போது ஏலத்தில் எடுக்கிறார்கள்.

என்னை இழுத்தது அதன் மரவேலை. பெரிய கம்பெனிகள் பெட்டியைக் கல்மாதிரி கனமாக்கி அதிர்வை அடக்கப் பார்க்கும். பிபிசிக்காரர்கள் நேரெதிராகப் போனார்கள். மெல்லிய பிர்ச் ப்ளைவுட், உள்பக்கம் தார் கலந்த பட்டைகள். மெல்லிய சுவர் அதிரத்தான் செய்யும், ஆனால் தார் அந்த அதிர்வைக் குரலுக்குக் கீழே இழுத்துக்கொண்டுபோய் அங்கேயே விழுங்கிவிடும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ப்ளைவுட்டும் தாரும்! கப்பலில் மெஷின் வந்த பேக்கிங் கேஸ் பலகை எங்கள் பக்கம் எடைக்குக் கிடைக்கும். தார் மணலி ரிஃபைனரியில் காய்ச்சுகிறார்கள், சாயங்காலக் காற்று திரும்பினால் வாசனை வீட்டுக்குள் வரும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிமும் சேர்ந்தால் லண்டன்காரனுக்கு நாம் என்ன குறைச்சல்?

குறைச்சல் இருந்தது. கடைக்காரரும் நானும் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த அளவில் ஒரு ஜோடி செய்தோம். அதே நீள அகலம், உள்ளே கிடைத்த ஐந்தங்குலங்கள். ஒரு தச்சர் மூலைகளைத் தேக்குக் கட்டையில் கோத்துக் கொடுத்தார், விரலால் தடவினால் இணைப்பு தெரியாது. கேட்டபோது பாதி தூரம் வந்திருந்தோம். குரல் வந்தது, நிஜமான குரல். ஆனால் இரண்டு பெட்டியும் ஒரே குரல் பேசவில்லை, பாடகர் இடதுபக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றார். கெஃப்பில் வூஃபர்களை ஒவ்வொன்றாக அளந்து ஜோடி சேர்த்தார்கள். எங்களிடம் இருந்தது மொத்தம் நாலு வூஃபர். அந்த விலையில் ஒரு பங்கு எதற்கென்று எனக்கு அப்போது புரிந்தது. நூறு செய்து தொண்ணூறை ஒதுக்குவதற்கு. ஒதுக்குவதற்கு நம்மிடம் காசு இல்லை.

"மாத்தி மாத்திச் சுத்திப் பாக்கலாம் சார்," என்றார் கடைக்காரர். ஒரு வூஃபரின் காயிலைப் பிரித்து நாலு சுற்று குறைத்தார். பாடகர் நடுவுக்கு வந்தார். நாலு சுற்று என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மூணு பத்தாது," என்றார்.

இப்போது இந்தச் சந்துகளிலும் விலை ஏறிவிட்டது. 1943 டிரான்சிஸ்டரின் மேலே அச்சடித்த பெயரை நம்ப முடிவதில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு சிலிக்கான், மாட்டிய அன்றே புகைகிறது. அசல் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மடங்கு கொடுக்கவேண்டும், அதிலும் கைராசி வேண்டும். செம்பு விலை ஏறியபிறகு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர்கள் சிலர் அலுமினியக் கம்பிக்கு எனாமல் பூசித் தருகிறார்கள், தூக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். மைக் செட்காரர்கள் தூக்கிப்போட்ட பழைய அஹுஜா வால்வு ஆம்ப்ளிஃபையர், பெங்களூர் பெல் கம்பெனி செய்த வால்வுகளோடு, ஒரு காலத்தில் குப்பை விலை. போன வருஷம் அப்படி ஒன்றை எடுக்க பெங்களூரிலிருந்து ஆள் வந்து போனார் என்று கடைக்காரர் சொன்னார். அவருக்குப் பெருமையா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை. அவர் பையன் ஏசி மெக்கானிக். காயில் சுற்றத் தெரியும், சுற்ற மாட்டான்.

வார்ஃப்டேலை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மதிலைத் தாண்டித்தான் என் தெரு. அந்தக் கோயிலின் திரிபுரசுந்தரி மேல் தியாகையர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார், தன் சீடர் வீணை குப்பையர் இந்த ஊர்க்காரர் என்பதால் இங்கே வந்திருந்தபோது. அதில் சுத்தசாவேரிக் கீர்த்தனை ஒன்று என்னிடம் ஒரு கச்சேரிப் பதிவில் இருக்கிறது, தென்பாதிக் கடைக்குக் கொண்டுபோன அதே பதிவு. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு சாண் முன்னால் இழுத்து வைத்தேன். ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்தேன். ராத்திரி பதினொன்றரை, ட்ரெய்லர்கள் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நிற்கும் நேரம், ஒரு பத்து நிமிஷம் இடைவெளி கிடைக்கும்.

பாடகர் தொண்டையைச் செருமுவதற்கு முன்னால் தம்புரா மட்டும் கொஞ்சநேரம் ஓடும். பஞ்சமம், சாரணி. அடுத்தது அதே சாரணியா, அனுசாரணியா? விளக்கை அணைத்தேன். மந்தரம் வந்து சுற்று முடிந்தது. திரும்ப வைத்தேன். மூன்றாவது தடவை, சாரணி முடிகிற இடத்தில் ஒரு நூலிழை தள்ளி இன்னொரு தந்தி நிற்பது போலிருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.

"பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.